ஊருக்குள் ஒரு டெவலப்பர் சந்திப்பு: நாள் குறிப்பதில் இருந்து சாவியைக் கைமாற்றுவது வரை

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை வியாழக்கிழமை கூடும். அதற்கு யாரும் போஸ்டர் ஒட்டுவதில்லை, யாரும் போன் போட்டு "இந்த வாரம் சந்தை உண்டுங்களா" என்று கேட்பதுமில்லை. வியாழன் என்றால் சந்தை, அவ்வளவுதான். இதே ஈரோட்டில் மென்பொருள் எழுதுகிறவர்களை மாதம் ஒருமுறை ஒரு அறையில் உட்கார வைக்க ஆறு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறேன். பெரிய பேச்சாளர், ஏசி ஹால், ஸ்டிக்கர், டிஷர்ட் என்று எதை எதையோ துரத்தினோம். கடைசியில் கூட்டத்தைக் காப்பாற்றியது நாள் மாறாமல் கூடியதுதான். அதற்கு அடுத்தபடி, எல்லா வேலையும் ஒரே ஆள் தலையில் விழாமல் பார்த்துக்கொண்டது.

திருப்பூர், கரூர், கோபி, நாமக்கல், பொள்ளாச்சி மாதிரி ஊர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கோயம்புத்தூர்க்காரர்களும் படிக்கலாம், ஆனால் சரவணம்பட்டி டீக்கடையில் கையை நீட்டினால் நாலு டெவலப்பர் மேல் படும், ஆள் தேடும் கவலை உங்களுக்குக் கிடையாது. எங்கள் ஊர்களிலும் ஆள் இருக்கிறார்கள். ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது, அதுதான் சிக்கல்.

முதலில் மூன்று பேர்

தனியாக ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், நாலாவது மாதம் காய்ச்சலில் படுத்தேன், ஹால் வாசலில் பதினோரு பேர் அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள், அதில் ஆறு பேர் அப்புறம் வரவே இல்லை. மூன்று பேர் இருந்தால் ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்குப் பங்காளி வீட்டு விசேஷம் என்றாலும் மூன்றாவது ஆள் கதவைத் திறந்து வைப்பார்.

அந்த மூன்று பேரை எங்கே பிடிப்பது? ஊரில் டேலி விற்கும் கடைக்காரரிடம் போய்க் கேளுங்கள். எந்த மில்லுக்கு யார் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தார், எந்தப் பனியன் கம்பெனியில் யார் வந்து சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊரடங்குக் காலத்தில் பெங்களூரில் இருந்து ஊருக்கு வந்து, தோட்டத்து வீட்டில் ஃபைபர் இழுத்து, திரும்பிப் போகாமல் இங்கேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. இவர்கள்தான் ஆள் பேச்சுக்கு ரொம்ப ஏங்குகிறவர்கள், கேட்ட உடனே சரி என்பார்கள். பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் உண்மையிலேயே புரோகிராம் கோடு எழுதும் ஒரு ஆசிரியர் எப்படியும் இருப்பார், அவரையும் விடாதீர்கள்.

ஒரு கம்ப்யூட்டர் மொழிக்கு, ஒரு ஃபிரேம்வொர்க்குக்கு என்று குறுக்காதீர்கள். சென்னையில் சென்னைபை என்ற குழு பைத்தானுக்கு மட்டும் மாதம் நான்காவது சனிக்கிழமை கூடலாம், அந்த ஊருக்கு அது கட்டும். நம் ஊரில் பைத்தான் மட்டும் என்றால் ஆறு பேர், ரியாக்ட் மட்டும் என்றால் ஒன்பது பேர், அதில் நாலு பேர் இரண்டிலும் வருகிற அதே ஆட்கள். எங்கள் கூட்டத்தில் விபி சிக்ஸ் என்ற பழைய மொழியில் நூற்பாலைக்குச் சம்பளக் கணக்கு எழுதி இருபது வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு அண்ணன் வருகிறார். டேட்டாபேஸ் லாக் பற்றிச் சந்தேகம் வந்தால் புதுசாகப் படித்து வந்த பையன்கள் எல்லாரும் அவர் பக்கம்தான் திரும்புகிறார்கள்.

நாள் குறிப்பது

இதில் கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்கள், ஏனென்றால் ஒருமுறை குறித்தால் மாற்றக்கூடாது. நாங்கள் முதலில் சனிக்கிழமை மாலை என்று வைத்தோம். திருப்பூர் ஆட்கள் ஒருவர்கூட வரவில்லை. அங்கே சனிக்கிழமை சம்பள நாள், வாரக் கூலி போடும் நேரத்தில் சம்பள சாஃப்ட்வேர் எழுதியவர் போனை அணைத்துவிட்டு மீட்டப்புக்கு வர முடியுமா? காலையில் வைத்துப் பார்த்தோம், ஒரு சனிக்கிழமை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் கூட்டம் முடியும்வரை வரவில்லை.

ஞாயிறு காலை என்று முடிவானது. எந்த ஞாயிறு? இங்கே டெவலப்பர் என்றால் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் கணக்கு சாஃப்ட்வேரைத் தொட்டவர்கள். மாதாமாதம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி படிவங்களில் ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசி நாள் 11, ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20. பத்தில் இருந்து இருபது வரை அவர்கள் போன் ஓயாது. நான்காவது ஞாயிறு எப்போதும் 22க்கும் 28க்கும் நடுவில்தான் விழும், இரண்டு தேதியும் தாண்டிவிடும், பொங்கலும் குறுக்கே வராது. தீபாவளி எப்போதாவது வந்து இடிக்கும், அந்த ஒரு மாதம் மட்டும் விட்டுவிடலாம். உங்கள் ஊர்க் கணக்கு வேறாக இருக்கலாம், ஆனால் இப்படி உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். இன்னொன்று: "நான்காவது ஞாயிறு" என்று சொன்னால் அப்படியே சொல்லுங்கள், "கடைசி ஞாயிறு" என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். ஐந்து ஞாயிறு வந்த ஒரு மாதத்தில் சத்தியமங்கலத்தில் இருந்து இரண்டு பேர் ஒரு வாரம் கழித்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள்.

அப்புறம் முகூர்த்தம். நம் பக்கம் கல்யாணத்துக்குப் போகாமல் விட்டால் அது ஐந்து வருடத்துக்குப் பேச்சாக ஓடும், ஆகவே நல்ல முகூர்த்த நாளில் கூட்டம் பாதியாகும். இதற்காக நாளைத் தள்ளி வைக்கலாமா என்று மூன்று பேரில் ஒருவர் கட்டாயம் கேட்பார். கூடாது. ஒருமுறை தள்ளினால் அடுத்த மாதம் எல்லாரும் "இந்தத் தடவை எப்பங்க" என்று கேட்க ஆரம்பிப்பார்கள், அப்படிக் கேட்க ஆரம்பித்தால் அது சந்தை இல்லை. எட்டுப் பேர் வந்தால் எட்டுப் பேரோடு நடத்துங்கள். ஆடியும் மார்கழியும் நமக்குக் கொண்டாட்டம், கல்யாணமே கிடையாது, வருடத்தில் ஒரு முழுநாள் நிகழ்ச்சி வைக்க ஆசைப்பட்டால் ஆடியில் வையுங்கள். மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாடகையும் பேசினால் இறங்கும்.

சென்னையில் ஐஎல்யூஜிசி என்ற லினக்ஸ் பயனர் குழு 1998 ஜனவரியில் தொடங்கியது. இரண்டாவது சனிக்கிழமை என்றால் அவர்கள் கூட்டம். எத்தனை கம்பெனி வந்து போயிருக்கும், எத்தனை டெக்னாலஜி செத்துப் போயிருக்கும், அந்த நாள் அப்படியே நின்றது.

இடம்

பஸ் ஸ்டாண்டில் இருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரம் இலவசமாகக் கண்ணாடிக் கட்டடம் தருகிறேன் என்பார்கள். பைக் வைத்திருக்கும் ஆண்கள் மட்டும்தான் அங்கே வந்து சேருவார்கள். பவானியில் இருந்து, கோபியில் இருந்து, திருச்செங்கோட்டில் இருந்து பஸ் பிடித்து வரும் பெண்ணுக்கு, இறங்கியதும் ஆட்டோ தேட வேண்டி வந்தால் இரண்டாவது மாதம் வரமாட்டாள்.

இருபது முப்பது பேர் உட்காரும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அலுவலகம் போதும். ஞாயிறு சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது. முதலாளியிடம் கேட்கும்போது மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: பத்து மணிக்கு முன்னால் வர மாட்டோம், ஒரு மணிக்குக் கூட்டிச் சுத்தம் பண்ணிச் சாவியைக் கொடுத்துவிடுவோம், உங்கள் சிஸ்டம் எதையும் தொட மாட்டோம். டியூஷன் சென்டர், தொழில் சங்கங்களின் மீட்டிங் ஹால், கோவொர்க்கிங் இடம் எல்லாம் கேட்டுப் பார்க்கலாம்.

கேட்கப் போகும்போது கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் வேலை செய்கிறதா, தண்ணீர் வருகிறதா. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எங்கள் கூட்டத்தில் பெண்கள் வராததற்கு என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டு இருந்தோம், கடைசியில் ஒரு அக்கா நேராகச் சொன்னபோதுதான் இது தெரிந்தது. ஐம்பது ரூபாய்த் தாழ்ப்பாள்.

புரொஜெக்டர் இருந்தால் நல்லது, பழைய டிவியும் போதும். ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒன்று, டைப்-சி அடாப்டர் ஒன்று, நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு, வெள்ளை போர்டு மார்க்கர் நாலு, இவற்றை ஒரு பையில் போட்டு அந்தப் பைக்கு ஒரு பொறுப்பாளரைப் போடுங்கள். வைஃபை பாஸ்வேர்டு கேட்டு நிற்காதீர்கள், ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம்.

முதல் கூட்டம் எப்படி இருக்க வேண்டும்

பேச்சாளரே வேண்டாம். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

1975 மார்ச் 5ஆம் தேதி கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் கோர்டன் பிரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார் ஷெட்டில் முப்பது பேர் போலக் கூடினார்கள். ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப்பின் முதல் கூட்டம் அதுதான், பின்னால் ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான வோஸ்னியாக் ஆப்பிள்-1 கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து காட்டியதும் அந்தக் கிளப்பில்தான். அங்கே லீ ஃபெல்சென்ஸ்டைன் என்பவர் கூட்டத்தை நடத்திய விதம் ரொம்ப எளிது. முதல் பாதியில் ஒவ்வொருவராக எழுந்து நான் இதைச் செய்துகொண்டிருக்கிறேன், எனக்கு இது வேண்டும், என்னிடம் இது இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்வார்கள், அதற்கு மேப்பிங் என்று பெயர். அதில் யார் யாருக்கு யாரிடம் பேச்சு இருக்கிறது என்று தெரிந்துவிடும், இரண்டாம் பாதியில் எழுந்து போய் அவரவர் ஆளைப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். அதற்கு ரேண்டம் ஆக்சஸ் என்று பெயர்.

இதை அப்படியே எடுத்துக்கொண்டோம். பதினைந்து பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம், பெயர், எந்த ஊர், இந்த மாதம் எதில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன், யாருக்காவது எதில் உதவ முடியும். படித்த கல்லூரி, வேலை பார்க்கும் கம்பெனி எல்லாம் வேண்டாம், அதைச் சொன்னால் உடனே அறையில் மேல்படி கீழ்ப்படி வந்துவிடுகிறது. அப்புறம் டீ. டீக்கு முப்பது நிமிடம் கொடுங்கள், அதில் பத்து நிமிடத்தைப் பேச்சாளர் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடத்தில் எங்கள் கூட்டத்தில் நடந்த உருப்படியான காரியம் எல்லாம், இரண்டு பேர் சேர்ந்து கம்பெனி போட்டது உட்பட, தேங்காய் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததுதான்.

இன்றைக்கும் ஒவ்வொரு மாதமும் முதல் அரைமணி நேரம் இந்தச் சுற்றுதான். முப்பது பேரைத் தாண்டினால் ஆளுக்கு ஒரு நிமிடம் என்று குறைத்துக்கொள்கிறோம்.

பேச ஆள் பிடிப்பது

"எங்க மீட்டப்பில் ஒரு டாக் குடுங்க" என்று கேட்டால் நம் ஊர்க்காரர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அட, நமக்கென்னங் தெரியும்." அடக்கமாகச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம், அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார். ஆகவே டாக் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். போன மாதச் சுற்றில் அவர் சொன்ன பிரச்சினையைக் குறித்து வைத்துக்கொண்டு, பத்து நாள் கழித்துப் போன் செய்து, "அண்ணா, அந்த பிரிண்டர் சமாச்சாரம் சரியாச்சுங்களா? எப்படிச் சரி பண்ணுனீங்கன்னு அடுத்த மாசம் கால்மணி நேரம் சொல்லுங்க, ஸ்லைடு எல்லாம் வேண்டாம்" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஏழு பேர் ஒப்புக்கொள்வார்கள்.

அந்த பிரிண்டர் சமாச்சாரம் எங்கள் கூட்டத்திலேயே நல்ல பேச்சுகளில் ஒன்று. மளிகைக் கடை பில்லில் தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டு, கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலுமாக வந்துகொண்டிருந்தது. "கோவை" என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று அவர் கேட்டார், எல்லாரும் இரண்டு என்றோம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியைக் கேட்டால் நாலு என்கிறது, ஏனென்றால் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் க தனி, ஓகாரக் குறி தனி, வ தனி, ஐகாரக் குறி தனி. அந்த எண்ணிக்கையை (லெங்த்) பார்த்து வெட்டினால் நடுவில்தான் வெட்டும். ஜாவாஸ்கிரிப்டிலேயே இன்டில் செக்மென்டர் என்று ஒன்று இருக்கிறது, அதில் போட்டால் நாம் சொல்லும் இரண்டு வரும். பன்னிரண்டு நிமிடம்தான் பேசினார், ஆனால் அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய் தங்கள் கோடைத் திருத்தியிருப்பார்கள்.

தலைப்பு வேண்டும் என்றால் ஊரைச் சுற்றிப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் வருட விற்பனை ஐந்து கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கும் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிந்து எண் வாங்குவது, கட்டாயமானது, திருப்பூரிலும் ஈரோட்டிலும் அந்த அளவில் உள்ள கம்பெனிகள் ஏராளம். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட 64 எழுத்துக் குறியீடுதான் (ஹாஷ்) அந்த எண், அதாவது ஐஆர்என், என்று தெரிந்தால்தான், வருட நடுவில் பில் நம்பரை மறுபடி ஒன்றில் இருந்து ஆரம்பித்தால் போர்ட்டல் ஏன் திருப்பி அடிக்கிறது என்று புரியும். தோட்டத்து மோட்டாரைப் போனில் இருந்தே ஓட விடும் ஸ்டார்ட்டரைப் பிரித்து வைத்து, உள்ளே சிம் கார்டு என்ன பண்ணுகிறது, த்ரீ பேஸில் ஒரு பேஸ் போனால் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று ஒருவர் காட்டினார். நாமக்கல் முட்டை விலை நாள்தோறும் அறிவிக்கப்படுகிறது, அதை எடுத்து வரைபடம் போடுவதை வைத்தே ஒரு மாணவிக்கு ஸ்கிரேப்பிங், அதாவது இணையப் பக்கத்தில் இருந்து தகவலைப் புரோகிராம் வைத்து எடுப்பதை, முழுக்கச் சொல்லிக் கொடுக்கலாம். பெரிய ஊர் மாநாட்டில் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பேச்சைவிட இவற்றுக்குத்தான் ஆள் வருகிறார்கள்.

தமிழில் பேசச் சொல்லுங்கள். கோடு, கமாண்டு எல்லாம் அதனதன் பெயரிலேயே இருக்கட்டும், விளக்கம் தமிழில். ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் கேள்வி வராது, கேள்வி வராத கூட்டம் வகுப்பறை. மென்பொருளைக் கன்டெய்னரில் அடைத்து ஓட்டும் டாக்கர் பற்றிய ஒரு பேச்சில் மகளைக் கூட்டி வந்த அப்பா ஒருவர் பின்னால் உட்கார்ந்திருந்தார், லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். கன்டெய்னர் கன்டெய்னர் என்று அரைமணி நேரம் கேட்டுவிட்டு, "அப்ப பெட்டிக்குள்ள என்ன சரக்குன்னு டிரைவருக்குத் தெரிய வேண்டியதில்லை, எந்த வண்டியிலயும் ஏத்தலாம், அதானுங்க?" என்றார். பேச்சாளர் அடுத்த ஸ்லைடைக் காட்டாமல் அங்கேயே நிறுத்திவிட்டார்.

புதிதாகப் பேசுகிறவரை இரண்டு நாள் முன்னால் போனில் ஒருமுறை பேசவிட்டுக் கேளுங்கள். நேரம் மீறினால் கையைக் காட்டுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காட்டவும் செய்யுங்கள்.

கல்லூரி விஷயத்தில் ஜாக்கிரதை

நம் பக்கம் இன்ஜினியரிங் கல்லூரிக்குப் பஞ்சமில்லை, எல்லாக் கல்லூரியும் ஆடிட்டோரியம் தருகிறேன் என்னும். போனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். குத்துவிளக்கு, வரவேற்புரை, துறைத்தலைவர் உரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ. பதினொன்றரைக்கு உங்கள் பேச்சு ஆரம்பிக்கும்போது எதிரே 200 பேர், அதில் 190 பேர் அட்டெண்டன்ஸுக்காக உட்கார வைக்கப்பட்டவர்கள். நாங்கள் இரண்டு முறை போனோம். அந்த 200 பேரில் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்தது மூன்று பேர்.

அந்த மூன்று பேர்தான் உங்களுக்கு வேண்டியவர்கள். ஆகவே கல்லூரிக்குக் கூட்டத்தைக் கொண்டு போகாதீர்கள், மாணவர்களை ஊருக்குள் வரச் சொல்லுங்கள். வந்த உடனே ஒரு தம்பி கேட்பான்: "ஏனுங்ணா, சர்டிபிகேட் குடுப்பீங்ளா?" கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். சர்டிபிகேட், வகுப்புக்கு வராததற்கு அட்டெண்டன்ஸ் வாங்கித் தரும் ஓடி லெட்டர் எதுவும் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள், அதற்காக வருகிற கூட்டம் அது நிற்கும் நாளில் போய்விடும். அதற்குப் பதிலாக, தொடர்ந்து வருகிற மாணவனுக்கு வேலை கொடுங்கள், மைக் பிடிக்கட்டும், குறிப்பு எழுதட்டும், நாலாவது மாதம் பத்து நிமிடம் பேசட்டும். மாணவர் எண்ணிக்கை பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நல்லது, தாண்டினால் வேலையில் இருப்பவர்கள் "பசங்க புரோகிராம்" என்று மெல்லக் கழன்றுகொள்வார்கள்.

வாட்ஸ்அப்

சும்மா ஒரு குரூப் ஆரம்பித்தால் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் குரூப்பில் சேர்ந்த ஒரு பயிற்சி நிலையத்து ஆள் மாணவர்கள் நம்பரை எல்லாம் எடுத்துக்கொண்டு போய், பிளேஸ்மென்ட் உறுதி, கட்டணத்தில் சலுகை என்று ஒவ்வொருவரையும் கூப்பிட ஆரம்பித்தார். இரண்டு பெண்கள் அன்றோடு விலகினார்கள், நான் என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடவில்லை. இப்போது வாட்ஸ்அப் கம்யூனிட்டியில் அறிவிப்பு மட்டும், அதில் உறுப்பினர்கள் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. அரட்டை வேண்டியவர்களுக்கு டெலிகிராம், நம்பரை மறைக்கும் செட்டிங்கை எப்படிப் போடுவது என்பதையும் முதல் மெசேஜிலேயே சொல்லிவிடுகிறோம். மாதத்துக்கு மூன்று அறிவிப்பு: ஒரு வாரம் முன்னால், முந்தின நாள், முடிந்த பிறகு நன்றியும் குறிப்புகளும். குட்மார்னிங் படம் போட்டால் நீக்கிவிடுவோம், மாமாவே போட்டாலும்.

நடத்தை விதி, அல்லது "நீங்க என்ன கூட்டம்?"

வெளிநாட்டு மாநாடுகளின் நடத்தை விதியை மொழிபெயர்த்து ஒட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். அரைப் பக்கத்தில் நம் ஊருக்கு வேண்டியதை எழுதுங்கள். கொங்கு நாட்டில் "நீங்க என்ன கூட்டம்?" என்று ஒருவர் கேட்டால் அது மீட்டப் பற்றிய கேள்வி இல்லை, குலம் கேட்கிறார். கேட்பவருக்கு அது நலம் விசாரிப்பது போல இருக்கும், அதே சாதியாக இல்லாதவருக்கு வாசலில் நிறுத்திக் கேட்டது போல இருக்கும். எங்கள் விதியில் முதல் வரியே இதுதான்: இங்கே எந்த ஊர் என்று கேட்கலாம், என்ன கூட்டம் என்று கேட்கக்கூடாது, சுற்றி வளைத்து, குலதெய்வக் கோயில் எது என்று கேட்பதும் அதே கேள்விதான். ஆரம்பத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். போகட்டும்.

மற்றவை சாதாரணமானவை. பெண்கள் பேசி முடித்த உடனே நம்பர் கேட்டுப் போய் நிற்காதீர்கள். கேட்காமல் போட்டோ போடாதீர்கள். தெரியாமல் கேட்ட கேள்விக்குச் சிரிக்காதீர்கள். புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்று இரண்டு பேர் பெயரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். புகார் வந்தபோது நாங்கள் நண்பனையே வரவேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்தது. அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை, ஆனாலும் சொன்னோம்.

பணம்

குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பேருக்கு டீயும் பன்னும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிறது. டீ வைக்கும் மேசையில் ஒரு டப்பா, விருப்பப்பட்டவர் போடலாம், மாணவர்கள் போடவேண்டாம். யூபிஐ வேண்டும் என்றால் ஒருவர் கணக்குக்குத்தான் போகும், ஆகவே வரவு செலவை எல்லாரும் பார்க்கும்படி ஒரு ஷீட்டில் மாதாமாதம் எழுதுங்கள், பன்னுக்குக் கொடுத்த முன்னூறு ரூபாய் உட்பட. சீட்டுப் பணத்தில் ஊரே அடிபட்டுப் பழகிய பக்கம் இது, கணக்கு கண்ணில் பட்டால்தான் நம்புவார்கள்.

ஸ்பான்சர் வந்தால் இடமும் டீயும் கொடுக்கட்டும், நன்றி சொல்லலாம். பத்து நிமிடம் எங்கள் பிராடக்ட் பற்றிப் பேசுகிறோம் என்றால் முடியாது. ஆள் எடுக்கும் கம்பெனிகளுக்குக் கடைசியில் ஆளுக்கு ஒரு நிமிடம், சம்பளம் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொன்னால் மட்டும்.

சங்கமாகப் பதிவு செய்யலாமா என்று இரண்டாவது வருடம் கேள்வி வரும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் படி ஏழு பேர் இருந்தால் பதியலாம், ஆனால் அதற்கப்புறம் நிர்வாகக் குழு, பொதுக்குழு, வருடா வருடம் கணக்குத் தாக்கல் என்று வேலை சேரும், தலைவர் செயலாளர் பதவிச் சண்டையும் கூடவே வரும். பெரிய தொகைக்கு பில் கேட்கும் நிலை வராதவரை வேண்டாம் என்பது என் கட்சி. ஃபாஸ் யுனைடெட் மாதிரி நகரவாரியாகச் சந்திப்புகளுக்குக் கைகொடுக்கும் அமைப்புகள் இருக்கின்றன, கட்டற்ற மென்பொருள் உங்கள் பேச்சில் அடிக்கடி வருகிறது என்றால் அவர்களோடு சேர்ந்து செய்யலாம்.

கதவு, டீ, பேச்சு

எங்களுக்கு மூன்று பொறுப்புகள்தான், பதவிப் பெயர் கிடையாது. கதவு என்றால் சாவி, பை, கூட்டித் துடைப்பது. டீ என்றால் டீயும் கணக்கும். பேச்சு என்றால் ஆள் பிடிப்பதும் நேரம் பார்ப்பதும். ஒவ்வொருவரும் ஆறு மாதம், கடைசி இரண்டு மாதம் அடுத்த ஆளைக் கூடவே வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். எழுதி வையுங்கள்: டீக்கடை அண்ணன் நம்பர், வாட்ச்மேனிடம் என்ன சொல்ல வேண்டும், ஃபியூஸ் போனால் எங்கே பார்க்க வேண்டும், எல்லாம். கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் வைத்திருக்கிறோம், பழைய நோட்டிலும் இருக்கிறது. அக்கவுண்ட் பாஸ்வேர்டு எதுவும் ஒரே ஆள் போனில் மட்டும் இருக்கக்கூடாது, ஓடிபி வரும் நம்பர் உட்பட. ஒருவர் கனடா போனபோது எங்கள் டொமைன் (இணைய முகவரி) அவரோடு போய்விட்டது.

ஆரம்பித்தவருக்குத்தான் இது கஷ்டம். வேறொருவர் செய்தால் டீ லேட்டாக வருகிறது, போர்டில் எழுத்துப்பிழை இருக்கிறது, கை பரபரக்கிறது. நான் மூன்று வருடம் "கைமாற்றிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் நானே செய்தேன், மனைவி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. ஒரு வழி இருக்கிறது, வருடத்தில் ஒரு மாதம் போகாதீர்கள். போனும் செய்யாதீர்கள்.

போன வருடம் ஆடி மாதக் கூட்டத்தன்று குலதெய்வம் கோயிலில் கிடா விருந்து. போனை வண்டியிலேயே வைத்துவிட்டேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் டெலிகிராமில் போட்டோக்கள். 26 பேர். புரொஜெக்டர் ஓடவில்லை, ஏனென்றால் டைப்-சி அடாப்டர் என் லேப்டாப் பையில் என்னோடு கோயிலுக்கு வந்துவிட்டது. பேச வந்த பெண் பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிச் சுவரில் வரிசையாக ஒட்டி மார்க்கரில் வரைந்து நடத்தியிருக்கிறாள், போட்டோவில் எல்லாரும் எழுந்து வந்து சுவர் பக்கத்தில் நின்றுகொண்டு இருக்கிறார்கள். அடுத்த மாதம் அடாப்டரைக் கொண்டுபோய்க் கதவுப் பொறுப்பில் இருந்த தம்பியிடம் கொடுத்தேன். "இது இனி இங்கயே இருக்கட்டுங்ணா" என்று வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.